தலைப்பாகையுடன் வானில்

நுழையும்முன்

முதல் உலகப்போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் கடல்கடந்து சென்று பணியாற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடிமைப்பட்ட நாட்டின் உழைப்பையும் உயிரையும் ஏற்றுக்கொண்ட பேரரசு, ஆங்கிலேயருக்கு நிகரான படைப்பதவியை மட்டும் இந்தியருக்கு வழங்கத் தயங்கியது. அக்காலத்தில், தம் அடையாளத்தைத் துறக்காமலே பிரித்தானிய வான்படையில் அதிகாரியாகி, போர் விமானம் செலுத்திய ஓர் இந்திய இளைஞரின் வாழ்க்கையைக் கூறுகிறது இப்பாடம்.

இராவல்பிண்டி முதல் ஆக்ஸ்போர்டு வரை

ஹர்தித் சிங் மாலிக், 1894ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அன்றைய பஞ்சாபின் இராவல்பிண்டி நகரில் வசதிமிக்க சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்குச் சென்றார். ஈஸ்ட்போர்ன் கல்லூரிப் பள்ளியில் பயின்றபின், 1912இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் வரலாறு கற்கச் சேர்ந்தார்.

மாலிக் படிப்பில் மட்டுமன்றி விளையாட்டிலும் சிறந்து விளங்கினார். கோல்ஃப் ஆட்டத்தில் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடினார். 1914ஆம் ஆண்டில் சசெக்ஸ் அணிக்காக முதல்தரக் கிரிக்கெட் போட்டிகளில் பங்கேற்றார். தலைமுடியையும் தலைப்பாகையையும் தம் சமய நெறியின் அடையாளங்களாகப் போற்றிய அவர், ஆடுகளத்திலும் தலைப்பாகையோடே தோன்றினார். ஆங்கிலேய மாணவர்கள் அவரைத் தோழராக ஏற்றனர். கல்லூரிக்குள் அவர் உணர்ந்த சமநிலை, கல்லூரிக்கு வெளியே செல்லுபடியாகுமா என்ற கேள்வி விரைவில் எழுந்தது.

மூடிய கதவும் திறந்த கதவும்

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரித்தானியா போரில் இறங்கியது. மாலிக்கின் வகுப்புத் தோழர்கள் ஒருவர்பின் ஒருவராகப் படையில் சேர்ந்தனர். கல்லூரி வெறிச்சோடியது. அவர்களைப் போலவே தாமும் அதிகாரியாகச் சேர விரும்பிய மாலிக்கிற்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. அவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்தவர். ஒரே அணியில் ஆடியவர். ஒரே தேர்வை எழுதியவர். எனினும், படைத்தலைமை அவரை ஆளப்படும் நாட்டின் குடிமகனாகவே கண்டது. இந்திய வீரர் எவ்வளவு திறமை உடையவராயினும் சுபேதார், ஜமேதார் போன்ற பதவிகளோடு நின்றுவிட வேண்டும் என்பதே அன்றைய பொதுநிலை. முழு அதிகாரமுள்ள அரச ஆணைப் பதவி, போரிடும் படைப்பிரிவுகளில் இந்தியருக்கு எட்டாததாகவே இருந்தது.

1915இல் பட்டம் பெற்ற மாலிக், சும்மா இருக்க விரும்பவில்லை. பேலியல் கல்லூரி ஆசிரியர் பிரான்சிஸ் அர்க்கார்ட் அவர்மீது பரிவு கொண்டவர். ஆசிரியரின் உதவியால் பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் மாலிக்கிற்குப் பணி கிடைத்தது. 1916ஆம் ஆண்டில் பிரான்சில் நோயாளர் ஊர்தி ஓட்டுநராக, காயமுற்ற வீரர்களை ஏற்றிச் செல்லும் பணியை அவர் செய்தார். பிரித்தானியாவுக்காகப் போரிட முன்வந்தவர், அவ்வாய்ப்புக் கிடைக்காமல் வேறொரு நாட்டின் சீருடையை அணிய நேர்ந்தது.

அங்கே அவருடைய உள்ளம் வானூர்தியை நாடியது. பிரெஞ்சு வான்படையில் சேர விழைந்து விண்ணப்பித்தார். பிரெஞ்சு அதிகாரிகள் அவரை ஏற்க இசைந்தனர். இச்செய்தியை அவர் தம் ஆசிரியருக்கு எழுதினார். அர்க்கார்ட், பிரித்தானிய வான்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்த தளபதி டேவிட் ஹென்டர்சனுக்கு மடல் எழுதினார். பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்ட ஒருவரைப் பிரெஞ்சு நாடு ஏற்றுக்கொள்ள, பிரித்தானியா ஏற்க மறுப்பது எவ்வளவு பெரிய தலைக்குனிவு என்பதே அம்மடலின் சாரம்.

மடல் பயனளித்தது. 1917ஆம் ஆண்டு ஏப்ரலில், 'ராயல் ஃபிளையிங் கோர்' எனப்பட்ட பிரித்தானிய வான்படையில் பயிற்சி அதிகாரியாக மாலிக் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அப்படையில் பறந்த முதல் இந்தியர் அவரே. பேரரசு தன் கொள்கையை மாற்றிக்கொண்டு திறந்த கதவன்று அது. ஓர் ஆசிரியரின் நேர்மையும் ஒரு மாணவரின் விடாமுயற்சியும் சேர்ந்து திறந்த கதவு அது.

தலைப்பாகையும் தலைக்கவசமும்

படையில் சேர்ந்த முதல் நாட்களிலேயே அடுத்த சிக்கல் எழுந்தது. சீருடையின் பகுதியாகத் தொப்பி அணிய வேண்டும் என்பது விதி. தலைப்பாகையை நீக்க இயலாது என்று மாலிக் உறுதியாகக் கூறினார். கிடைத்தற்கரிய வாய்ப்பு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அதை இழக்க நேரிடும் என்பதை அறிந்தும் அவர் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. இறுதியில் தலைப்பாகை அணிய இசைவு கிடைத்தது.

தரையில் இசைவு கிடைத்தாலும் வானில் மற்றொரு தேவை இருந்தது. அக்கால விமானங்களில் விமானியின் இருக்கை மூடப்படாமல் திறந்தே இருக்கும். பனிக்காற்று முகத்தில் அறையும். தோலால் ஆன தலைக்கவசமும் கண்ணாடியும் இன்றிப் பறத்தல் இயலாது. எனவே, தலைப்பாகையின்மேல் பொருந்துமாறு அவருக்கெனப் பெரிய தலைக்கவசம் ஒன்று தனியே செய்யப்பட்டது. அதனை அணிந்த அவருடைய தோற்றத்தைக் கண்டு, 'பறக்கும் குட்டிப்பூதம்' என்று பொருள்படும் பட்டப்பெயரைத் தோழர்கள் சூட்டினர். மாலிக் அதனைச் சிரித்து ஏற்றார். கேலியைப் பொறுத்துக்கொண்டாரேயன்றிக் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

மரமும் துணியுமான ஊர்தி

பயிற்சி முடித்து 1917 ஜூலையில் விமானிக்குரிய சிறகுச் சின்னம் பெற்ற மாலிக், 28ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். அங்கு அவர் செலுத்தியது சோப்வித் கேமல் என்னும் ஒற்றை இருக்கைப் போர் விமானம். மரச்சட்டங்களின்மேல் துணியைப் போர்த்து அமைக்கப்பட்ட இரட்டைத்தட்டு விமானம் அது. முன்புறத்தில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் பின்பகுதியை மூடிய தகடு ஒட்டகத்தின் திமில்போலப் புடைத்திருந்ததால், 'ஒட்டகம்' என்று பொருள்படும் 'கேமல்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. சுழலும் முன்விசிறியின் இதழ்களில் குண்டு படாதவாறு, இதழ்களுக்கு இடைப்பட்ட வெளியில் மட்டுமே சுடும் பொறியமைவும் அதில் இருந்தது.

அவ்விமானத்தின் இயந்திரம் விந்தையானது. இன்றைய இயந்திரங்களில் உருளைகள் அசையாமல் இருக்க, அச்சு மட்டும் சுழலும். கேமலின் இயந்திரத்திலோ அச்சு நிலையாக இருக்க, உருளைகள் அனைத்தும் முன்விசிறியோடு சேர்ந்து சுழன்றன. மூக்கில் பெரியதொரு பம்பரம் சுழல்வதைப் போன்ற அவ்விசையால், விமானம் வலப்புறம் மிக விரைவாகத் திரும்பும். இடப்புறம் திரும்பத் தயங்கும். அதன் இயல்பை அறிந்தவருக்கு வானில் அதைவிடச் சிறந்த துணை இல்லை. அறியாத பயிற்சி விமானிகள் பலர், பகைவரைக் காணும் முன்னரே நிலைதடுமாறி வீழ்ந்து இறந்தனர்.

விமானம் தீப்பற்றினால் குதித்துத் தப்பும் வழியும் அன்று இல்லை. பிரித்தானியப் போர் விமானிகளுக்கு வான்குடை வழங்கப்படவில்லை. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் திரும்பி வரும் உறுதி இல்லாமலே அவ்விளைஞர்கள் பறந்தனர்.

1917 அக்டோபர் 26

28ஆம் படைப்பிரிவு 1917 அக்டோபரில் போர்முனைக்கு வந்தது. பெல்ஜியத்தின் ஈப்ர நகரை அடுத்த பகுதியில், பாசன்டேல் என்னும் சிற்றூரைக் கைப்பற்றுவதற்கான கடும்போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. மழையில் நிலம் சேறாகிக் கிடந்தது. மாலிக்கின் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் வில்லியம் பார்க்கர் என்னும் கனடா நாட்டவர். அஞ்சாமைக்குப் பெயர்பெற்ற அவர், மறு ஆண்டில் விக்டோரியா சிலுவை என்னும் உயரிய வீர விருதைப் பெற்றவர்.

அக்டோபர் 26ஆம் நாள் தாழ்ந்த முகிலும் மழையும் வானை மூடியிருந்தன. பறப்பதற்கு உகந்த நாள் அன்று அது. எனினும், செருமானியர் வசமிருந்த பகுதியின்மீது தாக்குதல் நடத்தப் பார்க்கர் முனைந்தார். மாலிக் அவருடன் சென்றார். பகைவரின் விமானக் கூட்டம் ஒன்று அவர்களை எதிர்கொண்டது. சண்டையில் பிரித்தானிய விமானங்கள் ஒன்றையொன்று பிரிந்தன. மாலிக் பகைவர் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். அதே சண்டையில், பின்னாலிருந்து வந்த குண்டு பெட்ரோல் தொட்டியைத் துளைத்து அவருடைய காலில் பாய்ந்தது.

காயமுற்ற காலோடு தம் அணி இருந்த திசையை நோக்கி அவர் விமானத்தைத் திருப்பினார். செருமானிய விமானங்கள் நான்கு அவரைத் துரத்தின. உயரே எழ வழியில்லை. தரையை ஒட்டித் தாழப் பறந்தார். துரத்தியவர்கள் மாறிமாறிச் சுட்டனர். முதலில் அச்சம் அவரைப் பற்றியது. சுட்டுக்கொண்டே வந்தும் தம்மை வீழ்த்த இயலாமற் போகவே, அன்று தாம் இறக்கப்போவதில்லை என்ற உறுதி தம்முள் எழுந்ததாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நேச நாட்டு எல்லைக்குள் வந்ததும் விமானம் தரையில் மோதி நொறுங்கியது. மாலிக் நினைவிழந்தார்.

நொறுங்கிக் கிடந்த விமானத்தில் நானூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்திருந்தன. அவர் உயிர் பிழைத்தது வியப்பு. மருத்துவமனையில் நெடுநாள் தங்க நேர்ந்தது. காலில் பாய்ந்த குண்டுகளின் எச்சத்தை மருத்துவர்கள் அகற்றவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் அதைச் சுமந்தே நடந்தார்.

ஆமணக்கு எண்ணெயும் மாறிய விமானமும்

உடல் தேறியதும் மாலிக் மீண்டும் பறந்தார். 28ஆம் படைப்பிரிவு அதற்குள் இத்தாலிப் போர்முனைக்கு மாற்றப்பட்டிருந்தது. அவரும் அங்குச் சென்றார். பகைவரின் குண்டுகளால் நிறுத்த முடியாத அவரை எண்ணெய் ஒன்று நிறுத்தியது. சுழலும் இயந்திரங்களுக்கு மசகாக ஆமணக்கு எண்ணெய் பயன்பட்டது. பறக்கும்போது அந்த எண்ணெய்த் துளிகளும் புகையும் விமானியின் முகத்தில் படியும். மாலிக்கின் உடலுக்கு அது ஒவ்வாததாயிற்று. அதனால் கேமல் விமானத்தை அவர் கைவிட நேர்ந்தது.

பின்னர், ஆமணக்கு எண்ணெய் தேவைப்படாத இயந்திரம் கொண்ட பிரிஸ்டல் என்னும் இரட்டை இருக்கைப் போர் விமானம் அவருக்கு வழங்கப்பட்டது. இலண்டனுக்கு அருகிலுள்ள பிக்கின் ஹில் தளத்தில், இரவில் குண்டுவீச வந்த செருமானிய விமானங்களிலிருந்து தலைநகரைக் காக்கும் பிரிவில் அவர் பணியாற்றினார். 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது.

தெரிந்து தெளிவோம்

முதல் உலகப்போரில் பிரித்தானிய வான்படையில் போர் விமானிகளாக விளங்கிய இந்தியர் நால்வர்: ஹர்தித் சிங் மாலிக், இந்திர லால் ராய், எர்ரால் சென், ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர். இவர்களுள் வெலிங்கர் 1918இல் வீரமரணம் அடைந்தார். எர்ரால் சென் செருமானியரால் சிறைப்பிடிக்கப்பட்டார். கொல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய், 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்கும் குறைவான காலத்தில் பத்து வெற்றிகளை ஈட்டினார். அம்மாதம் 22ஆம் நாள் பிரான்சின் வானில் நடந்த சண்டையில் உயிர்நீத்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. அவருடைய மருமகனான சுப்ரதோ முகர்ஜியே, 1954இல் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தலைவரானார்.

போருக்குப் பின்

பேரரசுக்காகக் குருதி சிந்திய பஞ்சாப், போருக்குப் பின் நல்வாழ்வை எதிர்நோக்கியிருந்தது. 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்த மக்கள்மீது படையினர் சுட்டனர், நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அப்பஞ்சாப் மண்ணின் மைந்தரான மாலிக், எந்தச் சீருடையை அணிந்து போரிட்டாரோ அந்தச் சீருடையின் மறுபக்கம் அது. இந்தியர் காட்டிய வீரம் இந்தியருக்கு உரிமையைத் தானாகப் பெற்றுத்தரவில்லை.

வான்படையில் நிலையாகத் தொடர மாலிக் விரும்பியபோதும் அது கைகூடவில்லை. அவர் இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்தார். வணிக ஆணையர் முதலிய பொறுப்புகளில் வெளிநாடுகளில் பணியாற்றினார். 1944 முதல் 1947 வரை பாட்டியாலா அரசின் தலைமை அமைச்சராக விளங்கினார். 1947இல் நாடு விடுதலை பெற்றது. உடன் பிரிவினையும் வந்தது. மாலிக் பிறந்த இராவல்பிண்டி பாகிஸ்தானின் நகராயிற்று.

விடுதலை பெற்ற இந்தியா, அவரைக் கனடாவுக்கான முதல் இந்திய உயர் ஆணையராக அனுப்பியது. வானில் அவரை வழிநடத்திய பார்க்கரின் தாய்நாடு அது. முன்பு ஆளப்படும் நாட்டவராகப் பதவி மறுக்கப்பட்டவர், இப்போது தன்னாட்சி பெற்ற நாட்டின் குரலாக அங்குச் சென்றார்.

பாரிசும் புதுச்சேரியும்

1949ஆம் ஆண்டு மாலிக் பிரான்சு நாட்டுக்கான இந்தியத் தூதராகப் பொறுப்பேற்றார். அப்போது புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்தன்நகர் ஆகியவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. அவற்றை இந்தியாவுடன் இணைப்பது இரு நாடுகளுக்கும் இடையே நிலவிய முதன்மையான சிக்கல். அங்கே ஓட்டுநராகப் பணியாற்றியவர், பிரெஞ்சு மொழியையும் மக்களையும் அறிந்தவர், காயமுற்ற அவர்களுடைய வீரர்களைச் சுமந்து சென்றவர் என்ற பழைய உறவு அவருக்குத் துணைநின்றது.

சந்தன்நகரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை 1951 பிப்ரவரி 2ஆம் நாள் பாரிசில் கையெழுத்தாயிற்று. புதுச்சேரியில் வ. சுப்பையா முதலிய தலைவர்களும் தொழிலாளரும் மாணவரும் நெடுங்காலம் விடுதலைக்குப் போராடினர். அப்போராட்டம் ஒருபுறம் அழுத்தம் தர, மறுபுறம் அரசுகளிடையே பேச்சு தொடர்ந்தது. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பேராளர்கள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சிப்பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. சட்டமுறையான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நிறைவுற்றது.

போர்ச்சுக்கல் வசமிருந்த கோவாவை மீட்க 1961இல் படை அனுப்ப வேண்டியதாயிற்று. பிரெஞ்சுப் பகுதிகளோ இரு நாட்டுப் படைகளும் மோதாமல் கைமாறின. அம்முடிவுக்குப் பலர் காரணமாயினர். பாரிசில் இருந்து பேச்சுக்குத் துணைநின்ற தூதராக மாலிக்கின் பங்கும் அதில் உண்டு. கீழூர் நினைவிடத்தைக் காணும் மாணவர்கள், முதல் உலகப்போரில் நானூறு குண்டுகளுக்கு நடுவே தப்பிய விமானி ஒருவரையும் அங்கே எண்ணிப் பார்க்கலாம்.

1956இல் ஓய்வுபெற்ற மாலிக், முதுமையிலும் கோல்ஃப் ஆட்டத்தை விடவில்லை. 1985ஆம் ஆண்டு தம் தொண்ணூறாம் வயதில் காலமானார்.

நிறைவாக

போர் விமானியின் வீரம் பெரும்பாலும் வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. அவ்வளவுகோலால் மாலிக்கைவிடச் சிறந்தோர் பலர் உண்டு. வாய்ப்புக்காகத் தன்மதிப்பை விலையாகக் கொடுக்க மறுத்ததும், மறுக்கப்பட்டபோது வெறுப்பில் ஒதுங்காமல் வேறு வழி தேடியதும், போரின் கொடுமையைத் தம் உடலில் சுமந்தவர் பின்னாளில் பேச்சால் சிக்கலைத் தீர்க்க உழைத்ததும் அவருடைய தனிச்சிறப்புகள். தாம் யார் என்பதை மறைக்காமலே ஒருவர் எவ்வுயரத்தையும் எட்டலாம் என்பதை, தலைப்பாகையின்மேல் அணிந்த அப்பெரிய தலைக்கவசம் உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. முதல் உலகப்போரில் பங்கேற்ற இந்திய வீரர்கள் குறித்த செய்திகளைத் திரட்டி வகுப்பறையில் பேசுக.
2. புதுச்சேரி விடுதலைப் போராட்ட நிகழ்வுகளைக் கால வரிசையில் அட்டவணைப்படுத்துக.

பலவுள் தெரிக

1. சோப்வித் கேமல் விமானத்தின் பெயர்க்காரணம்
அ) அதன் நிறம்
ஆ) திமில்போன்ற புடைப்பு
இ) பாலைநிலத்தில் பறந்தமை
ஈ) அதை உருவாக்கியவர் பெயர்

குறுவினா

1. மாலிக்கிற்கெனத் தனித் தலைக்கவசம் செய்யப்பட்டது ஏன்?
2. கேமல் விமானத்தை மாலிக் கைவிட நேர்ந்ததன் காரணம் யாது?

சிறுவினா

1. 'ஓர் ஆசிரியரின் நேர்மையும் ஒரு மாணவரின் விடாமுயற்சியும் சேர்ந்து திறந்த கதவு' – விளக்குக.
2. சோப்வித் கேமல் விமானத்தின் இயந்திர அமைப்பையும் அதன் விளைவுகளையும் எழுதுக.

நெடுவினா

1. வாய்ப்பு மறுக்கப்பட்ட சூழலில் தன்மதிப்பை இழக்காமல் முன்னேறுவது எவ்வாறு என்பதை ஹர்தித் சிங் மாலிக்கின் வாழ்க்கை நிகழ்வுகளைக் கொண்டு கட்டுரைக்க.